சந்தை மூடிய சங்கராந்தி

குண்டலுபேட்டைக்கு எனக்கு வேலை உத்தரவு வந்தபோது, அந்த ஊரைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். ஊட்டிக்குப் போகும் பஸ் அங்கே காபிக்கு நிற்கும். அப்பா ரயில்வேயில் இருந்தார். மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு சந்துக்குள் எங்கள் வாடகை வீடு. பெங்களூரில் கால்நடை மருத்துவம் படித்து முடித்துவிட்டு, எங்கே போடப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்த நேரம் அது. தொண்ணூறுகள் பாதி கூடக் கடக்கவில்லை.

"மாடு உதைக்குமேடி" என்றாள் அம்மா.

"உதைக்கிற பக்கம் நிக்க மாட்டேன்மா."

அப்பாவுக்கு வேறு கவலை. காவிரித் தண்ணீர் விவகாரம் சூடாக இருந்த ஆண்டுகள். மைசூரில் பல தமிழ்க் குடும்பங்கள் கடைவீதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டன. "பஸ்ல சும்னே தமிழ்ல பேசிட்டுப் போகாதே. ஸ்வல்ப நாளைக்கு அங்கேயும் கன்னடத்திலேயே இரு" என்றார். இதைச் சொன்ன தமிழிலேயே பாதி கன்னடம் இருந்தது அவருக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சே அப்படித்தான். எனக்கோ கன்னடம்தான் தடங்கல் இல்லாமல் வரும், தமிழில் யோசித்து யோசித்துப் பேசுவேன். ஆகவே அப்பாவின் அறிவுரையைக் கடைப்பிடிப்பதில் சிரமம் எதுவும் இருக்காது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒரு தாலுகாவைத் தெரிந்துகொள்ள மாட்டு வைத்தியருக்கு வாய்க்கிற வசதி வேறு எந்த அதிகாரிக்கும் வாய்க்காது என்று இன்றும் நம்புகிறேன். மற்றவர்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். என்னை நேராகக் கொல்லைக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே மாட்டின் முன்னால் என்ன தீவனம் கிடக்கிறது என்று பார்த்தாலே அந்த வீட்டு மண்ணும் மழையும் கிணற்றின் ஆழமும் தெரிந்துவிடும். வாடகைக்கு ஓர் அறை பிடித்தேன். பழைய மொபெட் ஒன்று வாங்கினேன். ஆறே மாதத்தில் தாலுகாவின் நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டேன்.

தெற்கே நீலகிரி சுவர் போல நிற்கிறது. மேற்கிலிருந்து வரும் மழையில் பெரும் பங்கை மலையும் காடும் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் இந்தப் பக்கம் அனுப்பும். கோபாலசுவாமி மலையின் உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கும் அதே காலையில், கிழக்கே பத்து மைல் தள்ளி வயல் வெடித்துக் கிடக்கும். அங்கே சோளமும் கொள்ளும்தான். கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் மஞ்சளும் சின்ன வெங்காயமும் போடுவார்கள். ஹங்களாப் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் மாடுகள் காட்டுக்குள் மேயப் போய் உடம்பெல்லாம் உண்ணியோடு திரும்பும். சில நாள் முதுகில் புலி நகக் கீறலோடும் திரும்பும். அந்தக் கீறலைத் தைக்கவும் அங்கேதான் பழகினேன்.

ஊருக்கு நடுவில் ஒரு பழைய கோயில் உண்டு. மைசூர் அரசர் ஒருவர், இங்கே இறந்துபோன தன் தந்தையின் நினைவாகக் கட்டியது. தெரகணாம்பி ஒரு காலத்தில் தலைநகரம் போல இருந்த ஊர். நான் போனபோது அதன் கோட்டைக் கற்கள் வயல் வரப்புகளில் கிடந்தன. பல ஊர் எல்லைகளில் நடுகற்கள் உண்டு. மாடுகளை ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டையிட்டு விழுந்தவர்களுக்கு எழுப்பியவை. கல்லின் அடிப்பகுதியில் மாடுகளைச் சின்னதாகச் செதுக்கியிருப்பார்கள். குண்டலுபேட்டையிலிருந்து ஒரு சாலை ஊட்டிக்குப் போகிறது, ஒன்று காட்டைக் கடந்து கேரளாவின் வயநாட்டுக்கு, ஒன்று சாமராஜநகர், கொள்ளேகாலம் வழியாகத் தமிழ்ப் பக்கத்துக்கு. மூன்று மாநிலத்து லாரிகளும் நிற்கும் ஊர் என்பதால் டீக்கடைக்காரருக்கு மூன்று மொழியிலும் கடன் இல்லை என்று சொல்லத் தெரியும்.

இந்தச் சாலைகளில் மாடுகளும் நடந்தன. தாலுகாவின் கிழக்குக் கோடியில் ஒரு சந்தை ஊர் இருந்தது. அங்கே வாரம் ஒருமுறை மாட்டுச் சந்தை கூடும். சங்கராந்திக்குப் பத்து நாள் முன்னால் கூடுவதுதான் ஆண்டிலேயே பெரிய சந்தை. எங்கள் பக்கத்தில் சங்கராந்தி மாடுகளின் பண்டிகை. குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலையில் வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயைத் தாண்ட வைப்பார்கள். அதற்குக் 'கிச்சு' என்று பெயர். ஊரே தெருவில் நிற்க, நல்ல காளை ஜோடி ஒன்று தீயைத் தாண்டினால் அந்த வீட்டுக்காரர் அடுத்த ஆண்டு வரை அதையே பேசிக்கொண்டிருப்பார். அதனால் சங்கராந்திச் சந்தைக்கு எங்கெங்கிருந்தோ மாடுகள் வரும்.

அந்தச் சந்தைக்கு நான்கு நாள் இருக்கும்போது, முதல் பஸ்ஸில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். சந்தை ஊர்க்காரர். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இரண்டு ஏக்கரில் செண்டுமல்லியும் வெங்காயமும் போட்டு, பூவை மைசூர் மார்க்கெட்டுக்கு அனுப்பிக் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"அம்மாவ்ரே, பசு நேத்திலிருந்து வாய் வெக்கல" என்றார் கன்னடத்தில். "வாயிலிருந்து நூல் நூலா ஒழுகுது."

"நொண்டுதா?"

"ஆமா. முள்ளு குத்திச்சுன்னு குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். முள்ளு இல்ல."

எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. கம்பவுண்டரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மொபெட்டை எடுத்தேன். கம்பவுண்டர் குண்டலுபேட்டையிலேயே பிறந்தவர், எல்லா ஊரிலும் அவருக்குச் சொந்தம் உண்டு. எந்தத் தெருவில் எத்தனை மாடு என்று வழியெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பசுவின் வாயைத் திறந்து நாக்கைப் பிடித்தேன். நாக்கின் மேல்தோல் அப்படியே என் கையோடு வந்துவிட்டது. ஈறில் கொப்புளங்கள். குளம்புப் பிளவில் புண். கோமாரி. கன்னடத்தில் 'காலு பாயி ஜ்வர' என்பார்கள். பெரிய மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பால் வற்றிவிடும், ஏர் இழுக்க முடியாது, கன்றுகள் செத்துப்போகும். காட்டுத் தீ போல ஊர் ஊராகப் பரவும். அந்தத் தெருவில் வீடு வீடாகப் பார்த்தோம். இன்னும் மூன்று வீடுகளில் மாடுகள் வாய் ஒழுக நின்றன.

கையையும் காலையும் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவிக்கொண்டு நேராகப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போனேன். மஞ்சள் விவசாயி. வெள்ளைச் சட்டை வேட்டி. அவருடைய ஹள்ளிகார் இனக் காளை ஜோடியைப் பார்க்கவே சங்கராந்தி அன்று பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள்.

"சங்கராந்திச் சந்தையை மூடணுமா? மேடம், நீங்க இந்தத் தாலுகாவுக்கு வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"எட்டு."

"இந்தச் சந்தை எங்க தாத்தா காலத்திலிருந்து ஒரு வாரம்கூட நின்னதில்ல."

"வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்றேன்.

வேண்டா வெறுப்பாக வந்தார். பூக்காரப் பெண்ணின் கொல்லையில் அந்தப் பசுவின் வாயை அவர் முன்னால் மறுபடி திறந்தேன். தோல் உரிந்து சிவந்து கிடந்த நாக்கை அவர் வெகுநேரம் பார்த்தார். மாடு வளர்த்த மனிதர், விளக்கம் தேவைப்படவில்லை.

"என் காளைகளுக்கு வருமா?"

"சந்தை கூடினா வரும். உங்களுக்கு மட்டுமில்ல, இங்கே வந்து மாடு வாங்கிட்டுப் போற ஒவ்வொருத்தரும் கூடவே இதையும் ஓட்டிட்டுப் போவாங்க. பத்து நாள்ல மேற்கே காடு வரைக்கும் போயிடும்."

"கிச்சு?"

"அதுவும் தெருவுல கூட்டமா வேண்டாம். அவங்கவங்க கொல்லையில ரெண்டு பிடி வைக்கோல் கொளுத்திக்கட்டும்."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தாசில்தார்கிட்ட நானும் வரேன். நீங்க தனியாப் போனா நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லுவார்" என்றார். அன்று மாலையே உத்தரவு வந்தது. சந்தை மூடப்பட்டது என்று சுற்று ஊர்களிலெல்லாம் தமுக்கு அடித்தார்கள்.

அடுத்தது தடுப்பூசி. எங்களிடம் இருந்தது இரண்டு ஊருக்குக்கூடப் போதாது. மறுநாள் காலை மைசூருக்குப் போய் வாங்கினேன். மருந்து சூடு படக்கூடாது. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். மருந்துப் பெட்டிக்குள் இருந்த ஐஸ் போதாது என்று தோன்றியது. பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். அம்மா எங்கள் ஃபிரிட்ஜில் இருந்த ஐஸை எல்லாம் தட்டிக் கொட்டிவிட்டு, ஓர் அண்டாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அக்ரஹாரத்தில் யார் யார் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

"வீட்டுல விசேஷமா? ஜூஸ் போடறீங்களா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டது என் காதில் விழுந்தது.

"மாட்டுக்கு ஊசி போடறோம்" என்றாள் அம்மா, தானே போடப் போகிறவள் போல.

அண்டா நிறைந்துவிட்டது. அப்பா ஸ்கூட்டரில் என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு குண்டலுபேட்டை வந்து சேர்ந்தேன். பாவாடையும் சேலையும் நனைந்து ஒட்டிக்கொண்டன, மருந்து சில்லென்று இருந்தது.

தீயை அணைப்பது போலத்தான் இந்தத் தடுப்பூசியும். நோய் கண்ட ஊரில் தொடங்காமல் வெளி வளையத்து ஊர்களில் தொடங்கி உள்ளே வரவேண்டும். கம்பவுண்டரும் நானும் அப்படியே செய்தோம். சந்தை ஊருக்கு வரும் கிழக்குச் சாலையில் கயிறு கட்டிப் பஞ்சாயத்து ஆட்கள் இருவரை நிறுத்தியிருந்தோம். சந்தை நாளுக்கு முந்தைய நாள் காலை அந்த இடத்தில் நான் ஊசி நிரப்பிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் புழுதி எழும்பியது.

செவலை உடம்பில் வெள்ளைத் திட்டுகள், ஒல்லியான, துடியான மாடுகள். பர்கூர் மலை மாடுகள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. முப்பதுக்கு மேல் இருக்கும். பின்னால் இரண்டு பேர், ஒருவருக்கு ஐம்பது வயது, தலைப்பாகை. மற்றவர் அவருடைய மச்சான். அந்தியூர்ப் பக்கத்து வியாபாரிகள். ஹனூர், கொள்ளேகாலம் வழியாக ஒரு வாரமாக நடந்து வந்திருந்தார்கள். சந்தையில் விற்றது போக மிச்சத்தை வயநாட்டுக்கு ஓட்டிப்போய் வயல் உழவுக்கு விற்பது அவர்கள் வழக்கம்.

கம்பவுண்டர் நிலைமையைச் சொன்னார். பர்கூர் மலைக்காரர்கள் பேசுவதும் கன்னடம்தான், அவர்களிடம் மாடு வாங்கிப் பழகியதால் வியாபாரிக்கு அது புரிந்தது, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மச்சானிடம் திரும்பித் தமிழில் சொன்னார்: "இந்தப் புள்ளைக்கு என்ன தெரியும். தலைய ஆட்டிக்க. வடக்கால சுத்தி, காட்டு வழியாப் போயிரலாம்."

நான் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் தமிழிலேயே சொன்னேன்: "காட்டு வழியாப் போனா காட்டெருமைக்கும் ஒட்டிக்கும். அங்கேயும் ஆள் நிறுத்தியிருக்கேன்."

காட்டு வழியில் யாரையும் நிறுத்தியிருக்கவில்லை. அன்று மத்தியானம்தான் நிறுத்தினேன்.

வியாபாரி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அம்மிணி தமிழுங்களா? தெரியாமப் போச்சுங்க."

"மைசூர்த் தமிழ்."

"அதானுங்க, பேச்சு ஒரு தினுசா இருக்குது" என்றார். பிறகு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "நம்மவங்க நீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா விட்ருவாங்க. எங்க மாட்டுக்கு ஒண்ணும் இல்லீங்க, பாத்துக்கோங்க. இதுகளை வித்துப்போட்டுப் பொங்கலுக்கு ஊடு போய்ச் சேரோணும்" என்றார்.

"நம்மவங்கன்னா என் பேச்சை முதல்ல நீங்கதானே கேக்கணும்? உங்க மாடு நல்லா இருக்கு, பார்த்தேன். ஆனா இந்த ரோட்டுல கால் வெச்சாச்சு. இனிமே எங்கே போனாலும் நோயை எடுத்துட்டுப் போகலாம். வயநாட்டுல உங்ககிட்ட வாங்கறவங்க அடுத்த வருஷம் உங்க முகத்துல முழிப்பாங்களா? திரும்பிப் போனாலும் அப்படித்தான், வழியெல்லாம் மாடு இருக்கு. இங்கேயே ஒரு பதினஞ்சு நாள் நிக்கட்டும். இடம் நான் பார்த்துத் தரேன்."

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மாடுகளைப் பார்த்தார். வேறு வழியில்லை என்று இருவருக்கும் புரிந்தது.

ஊருக்கு வெளியே ஓர் ஏரி வற்றிக் கிடந்தது. கரையோரம் கருவேல நிழல். மாடுகளை அங்கே நிறுத்தினோம். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் ஊருக்குள் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. தமிழ்நாட்டு மாடுகள்தான் நோயைக் கொண்டுவந்தன, அவற்றை விரட்டவேண்டும், தண்ணீர் விடக்கூடாது. தலைவர் என்னைப் பஞ்சாயத்து ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனபோது வாசலில் முப்பது பேர் நின்றார்கள்.

"மேடம், மனசுல வெச்சுக்காதீங்க. ஊர்ல சொல்றதைச் சொல்றேன். நீங்க அவங்க பாஷைக்காரங்க, அதனால அவங்க பக்கம் நிக்கிறீங்கன்னு சொல்றாங்க."

மைசூரிலிருந்து கிளம்பும்போது அப்பா பயந்தது இதைத்தான். ஆனால் நேரில் வந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது, அதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"அவங்க மாட்டை நடுரோட்டுல நிறுத்தினது யாரு?" என்று கேட்டேன். "ஏரியில போய் அவங்களையே கேளுங்க, நான் யார் பக்கம்னு. பொங்கலுக்கு வீட்டுக்குப் போகவிடாமப் பண்ணிட்டேன்னு என்னைத் திட்டிட்டு இருக்காங்க."

ஒருவர் சிரித்தார். ஆனாலும் முணுமுணுப்பு அடங்கவில்லை. அப்போது கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த பூக்காரப் பெண் முன்னால் வந்தார். கூட்டத்தில் பேசிப் பழகாதவர் என்று அவர் முந்தானையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"என் பசு நொண்டின அன்னிக்கு இவங்க கொள்ளேகாலத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாங்க. நோய் நம்ம ஊர்லதான் இருந்தது. அவங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஏரியை ஒட்டி இருக்கிறது என் பம்ப்செட். தண்ணி நான் விடறேன்."

தலைவர் எல்லோரையும் வேலையைப் பார்க்கப் போகச் சொன்னார். நானும் பூக்காரப் பெண்ணும் ஏரிக்கு நடந்தோம். பம்ப்பிலிருந்து தனி வாய்க்கால் வெட்டச் சொன்னேன். அவர் வீட்டு வாளி, தொட்டி எதுவும் அங்கே போகக்கூடாது, அங்கிருந்து எதுவும் வரக்கூடாது. கரையில் நின்றபடி வியாபாரி வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் பார்த்தார். "செண்டுமல்லி நல்லா வெளைஞ்சிருக்குதுங்க" என்றார் பூக்காரப் பெண்ணிடம். இது மட்டும் தமிழிலேயே வந்துவிட்டது. "செண்டு ஹூ" என்று பூவின் கன்னடப் பெயரைச் சொல்லி அந்தப் பெண் தலையாட்டினார்.

இவ்வளவு செய்தும் நோய் ஏரிக்கும் வந்தது. காற்றில் வந்ததா, நாயின் காலில் வந்ததா, எங்கள் காலிலேயே வந்ததா என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிறுத்திவைத்த ஐந்தாம் நாள் காலை போனபோது நான்கு மாடுகள் வாய் ஒழுக நின்றன. வியாபாரி என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"நடந்துக்கிட்டே இருந்திருந்தா இந்நேரம் வயநாட்டுல நல்லபடியா நிக்கும்ங்க இதுக" என்றார்.

வாளியில் பெர்மாங்கனேட்டைக் கரைத்தேன். முதல் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கும்படி மச்சானிடம் சொன்னேன். வாயைக் கழுவி, மருந்து தடவி, குளம்புப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடிக்க ஒரு மாட்டுக்கு அரை மணி ஆனது. மூன்றாவது மாட்டின்போது வியாபாரி தானாகவே எழுந்து வந்து வாளியை வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் காலை ஏரி, பிறகு ஊருக்குள், பிற்பகல் வெளி ஊர்களுக்குத் தடுப்பூசி என்று நாட்கள் போயின. ஏரியில் நோய் கண்ட மாடுகள் பாதிக்கு மேல் ஆயின, பதினைந்து நாள் என்று நான் சொன்ன கணக்கும் நீண்டது. புல் மெல்ல முடியாதவற்றுக்கு ராகிக் கஞ்சி காய்ச்சி ஊற்றினோம். ராகியைத் தலைவர் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பினார்கள், நான் கேட்கவில்லை. பூக்காரப் பெண்ணின் பசு மேய ஆரம்பித்தது. தலைவரின் காளைகளுக்கு எதுவும் வரவில்லை. அவர் தினமும் காலையில் அவற்றின் வாயைத் திறந்து பார்க்கிறார் என்று கம்பவுண்டர் சொல்லிச் சிரித்தார்.

ஒரு மாட்டை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு வயதுக் காளைக்கன்று, மந்தையிலேயே அழகானது. புண்கள் ஆறிக்கொண்டுதான் இருந்தன. இளம் மாடுகளுக்கு இந்த நோய் சில சமயம் இதயத்தைத் தாக்கும். காலையில் தண்ணீர் குடித்துவிட்டு நின்றது, நாலடி வைத்தது, விழுந்தது. நான் ஓடிப்போய் நெஞ்சில் காதை வைத்தபோது ஒன்றும் இல்லை.

வியாபாரி அழவில்லை. அதன் நெற்றியில் இருந்த வெள்ளைத் திட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "இது விக்கறதுக்கு இல்லீங்க. என்ற பொண்ணு கேட்டான்னு வாங்குனது. ஒரு சுத்து சுத்திக்கிட்டு ஊட்டுக்கே ஓட்டிப் போகலாம்னு இருந்தனுங்க."

ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவேண்டும். ஏரி மண் பாறை போல இறுகியிருந்தது. கம்பவுண்டரும் மச்சானும் வெட்டத் தொடங்கினார்கள். கரைக்கு அந்தப் பக்கமிருந்து பூக்காரப் பெண் கடப்பாரையோடு வந்தார், அவர் பின்னால் இன்னும் நான்கைந்து பேர். பஞ்சாயத்து வாசலில் நின்று முணுமுணுத்தவர்களில் இருவர் அதில் இருந்தார்கள். முறை மாற்றி மாற்றி வெட்டினார்கள். முடித்துவிட்டு எல்லோரும் சோடாத் தண்ணீரில் கை கால் கழுவினார்கள். நான் சொல்லாமலே கழுவினார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

சங்கராந்தி வந்தது. அந்த ஆண்டு தெருவில் கிச்சு இல்லை. அவரவர் கொல்லையில் வைக்கோலைக் கொளுத்தித் தங்கள் மாட்டை மட்டும் தாண்டவைத்தார்கள். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு சின்னச் சின்னதாகப் புகை எழுந்தது. மறுநாள் மாட்டுப் பொங்கல். நான் மைசூருக்குப் போகவில்லை. காலையில் ஏரிக்குப் போனபோது மச்சான் மூன்று கல்லைக் கூட்டிப் பானை வைத்திருந்தார். அரிசியும் வெல்லமும் ஊரிலிருந்து வந்தவை. எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து சங்கராந்திக்கு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது எங்கள் மைசூர்ப் பக்கத்து வழக்கம். அந்தப் பொட்டலங்கள் வியாபாரியின் துண்டில் ஒரு குவியலாக இருந்தன. பூக்காரப் பெண் ஒரு கூடைச் செண்டுமல்லியைக் கரையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மாடுகளின் கழுத்துக்கெல்லாம் மாலை கட்டியிருந்தார்கள்.

பானை பொங்கியதும் வியாபாரி தன் பழக்கத்தில் "பொங்கலோ பொங்கல்" என்றார். கரையில் நின்றிருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் கையைத் தட்டினார், உடனே எல்லோரும் தட்டினார்கள். வாழை இலைத் துண்டில் எனக்கும் கொஞ்சம் வைத்தார். "அம்மிணி, அன்னிக்குக் கோவத்துல ஒண்ணு சொல்லிப்போட்டனுங்க" என்றார்.

"நான் மறந்துட்டேன்" என்றேன்.

"நான் மறக்கலீங்க. ஆனா ரோசனை பண்ணிப் பாத்தேன். நடந்து போயிருந்தாலும் வந்திருக்கும்தானுங்க? வழியில வந்திருந்தா யாரு பாத்திருப்பாங்க?"

பிப்ரவரி தொடக்கத்தில் சந்தையைத் திறக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். சங்கராந்திக்கு வராத கூட்டம் திறந்த அன்று வந்தது. வெங்காய மூட்டைகள், கயிறு, சலங்கை, கொம்புக்குப் பூசும் வர்ணம், மிளகாய் பஜ்ஜியின் எண்ணெய்ப் புகை. பத்துப் பேர் ஒரே சமயத்தில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பர்கூர் மாடுகளை வயநாடு வரை ஓட்டவேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லாமல் போனது. ஊர்க்காரர்கள் நான்கு வாரமாகத் தினமும் அவற்றைப் பார்த்திருந்தார்கள். எது சாது, எது முரடு, எது நோயிலும் தலை நிமிர்ந்து நின்றது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தலைவரே ஒரு ஜோடி வாங்கினார். தனக்கல்ல, மருமகனுக்கு என்று எல்லோரிடமும் விளக்கம் சொன்னார். மிஞ்சிய ஏழெட்டு மாடுகளோடு வியாபாரியும் மச்சானும் மேற்குச் சாலையில் இறங்கினார்கள்.

அடுத்த சில ஆண்டுகள் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வந்ததும் வியாபாரி முதலில் ஆஸ்பத்திரி வாசலில் மாடுகளை நிறுத்தி, "பாத்துப்போட்டுச் சொல்லுங்க அம்மிணி" என்பார். எதிரில் கன்னடக்காரர்கள் பத்துப் பேர் இருந்தாலும் அவரோடு தமிழில்தான் பேசுவேன். என் தமிழும் நடுவில் கொஞ்சம் கொங்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. வீட்டுக்குப் போன ஒருமுறை "சாப்பிடோணும்" என்று சொல்லிவிட்டேன், அப்பா செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார். தொண்ணூறுகள் முடிவதற்குள் தாலுகா மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய மாவட்டத்துக்குப் போனது. என்னையும் வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

சந்தை திறந்த அந்த நாளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது. மாடுகள் மேற்கே போய் மறைந்ததும், யாரோ மரத்தடியில் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "உக்காருங்க மேடம்" என்றார்கள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். பாதி டீகூடக் குடித்திருக்கமாட்டேன். காட்டோர ஊரிலிருந்து ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருடைய எருமை விடியற்காலையிலிருந்து முக்குகிறதாம், கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறதாம். கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு மொபெட் சாவியைத் தேடினேன்.